பித்தப்பைக் கல்: அம்மாவை முதன்முறையாக சர்ஜனிடம் அழைத்துப் போகிறேன், என்னென்ன தயார் செய்யலாம்?

கொங்குமலர் (ஈரோடு), ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 63. கொஞ்ச நாளாகவே சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் வலது பக்கம் பிடித்து இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நினைத்து ஓம வாட்டரும் ஜெலுசிலுமாக ஓடியது. போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ., பையின் சுவர் 4 மி.மீ. என்று வந்திருக்கிறது. குடும்ப டாக்டர் சர்ஜனைப் பார்க்கச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலைக்கு டோக்கன் போட்டிருக்கிறோம்.

அம்மாவுக்குப் பல வருடமாக சுகர். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையும் இரவும் ஒரு கைப்பிடி மாத்திரை.

எதை எடுத்துப் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? உள்ளே பத்து நிமிடம்கூடக் கிடைக்காது என்கிறார்கள். அம்மா வேறு, "எனக்கு என்ன தெரியும், நீயே பேசிடு" என்கிறார்.

வார்டு அக்கா (மதுரை), ஞாயிறு இரவு

மலர், நான் அரசு மருத்துவமனை அறுவை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியாழன் வருவதற்குள் குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தாலோ டோக்கனுக்காகக் காத்திருக்காதே. நேராக அவசரப் பிரிவுக்குப் போ. பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலும் கணையத்தில் அழற்சி இருந்தாலும் இப்படித்தான் தொடங்கும். அம்மாவுக்கு ஸ்டென்ட் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. சுகர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமல் மேல்வயிற்று வலியாகவும் வரும். வியர்வையோடும் மூச்சு வாங்கியும் வலித்தால் கல்லின் மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, இனி வியாழனுக்கு வருகிறேன்.

மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொண்டு போவதைவிட மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. எழுதும்போது 5 மி.கி. 50 ஆகிவிடும். அட்டையில் மருந்தின் பெயரும் அளவும் அப்படியே இருக்கும். மருந்துக் கடையில் வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் இல்லையென்றால், கடைக்காரரிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள். கஷாயம், லேகியம், பூண்டு மாத்திரை என்று எதுவாக இருந்தாலும் அதே பையில் போடு. "அது மருந்தே இல்லை" என்று வீட்டில் ஒதுக்குவதில்தான் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் சரக்கு இருக்கும்.

ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படியாவது தேடி எடு. எந்த தேதி, எந்த ரத்தக்குழாய், எந்த வகை ஸ்டென்ட் என்று அதில் இருக்கும். கடைசியாக எடுத்த எக்கோ, ஈ.சி.ஜி., மூன்று மாத சராசரி சுகர் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, புதியது மேலே இருக்கும்படி வை. ஸ்கேனில் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். பளபளக் காகிதத்தில் வரும் அந்தப் படங்கள் வெயில் பட்டால் கருத்துப்போகும், நாளானால் மங்கும். அவற்றை லேமினேட் செய்யாதே, சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து ஒரு விஷயம் கேள்: வயிற்றில் இதற்கு முன் என்னென்ன ஆபரேஷன் நடந்தது? "உங்களுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா" என்று கேட்டால் நம் அம்மாக்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அவர்கள் ஆபரேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிசேரியன், கர்ப்பப்பை எடுத்தது எல்லாமும் அப்படித்தான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், முதல் துளை பெரும்பாலும் தொப்புள் பக்கம்தான் போடுவார்கள். பழைய தழும்புக்குக் கீழே குடல் ஒட்டியிருந்தால் அது சர்ஜனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வலியை அம்மாவே சொல்லட்டும். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ ஏறுகிறதா, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் கூடுகிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா என்றெல்லாம் சர்ஜன் கேட்பார். நீ சொன்னால் நீ பார்த்ததைத்தான் சொல்வாய். ராத்திரி இரண்டு மணிக்கு உன்னை எழுப்பக் கூடாது என்று சுருண்டு படுத்திருந்தது அம்மாவுக்குத்தான் தெரியும்.

திருச்சி செந்தில், திங்கள் காலை

அக்கா சொல்வது சரி. ஆனால் இப்போதெல்லாம் கேள்விப் பட்டியலோடு போகிறவர்களைப் பார்த்தால் டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் மாமாவை அழைத்துப் போனபோது நான் காகிதத்தை எடுத்ததுமே அவர் பேச்சு மாறிவிட்டது. அனுபவம் உள்ளவரிடம் போகிறோம், அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

வார்டு அக்கா, திங்கள் காலை

தம்பி, நம்புவதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. 20 கேள்வியை வரிசையாகப் படித்தால் யாருக்கும் சலிப்பு வரும், வெளியே ஐம்பது பேர் காத்திருப்பார்கள். அதனால் மூன்றே கேள்வியைத் தேர்ந்தெடுத்து, பரிசோதனை முடிந்து அவர் பேசி முடித்த பிறகு கேட்கச் சொல்கிறேன். ஒரு தாளில் அம்மாவின் வயது, நோய்கள், மாத்திரை, பழைய ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை இவற்றை எழுதி முதலிலேயே அவர் மேசையில் வைத்துவிட்டால் அவருக்கே பாதி நேரம் மிச்சம். அந்தத் தாளை வெறுத்த டாக்டரை நான் பார்த்ததில்லை.

சேலம் மயக்கவியலாளர், திங்கள் மதியம்

நான் மயக்க மருத்துவர். சர்ஜனைப் பார்க்கும் நாளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடைசி நேரத்தில் ஆபரேஷன் தள்ளிப்போவதற்கான காரணங்கள் அநேகமாக அந்த முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டியவை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு நிறுத்தி, ஸ்டென்ட் அடைத்து வந்தவர்கள் உண்டு. குளோபிடோக்ரெலைப் பொதுவாக ஐந்து நாளுக்கு முன் நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைப் பல நேரம் தொடரச் சொல்வார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்கு எது என்பதை இதய மருத்துவரும் சர்ஜனும் மயக்க மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே வியாழனுக்கு முன்பே இதய மருத்துவருக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் கேட்டு வையுங்கள். சர்ஜன் எப்படியும் "கார்டியாக் ஃபிட்னஸ்", அதாவது ஆபரேஷனை இதயம் தாங்கும் என்ற கடிதம், கேட்பார்.

சுகர் மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு மாத்திரையில் மெட்பார்மினோடு சேர்ந்தும் வரும். இதைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். காரணம், பட்டினியும் ஆபரேஷனும் சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், அப்போதும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமல் இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது. எடை குறைக்க ஊசி போடுகிறவர்களும் அதைச் சொல்ல வேண்டும். வயிறு காலியாவதை அந்த ஊசி தாமதப்படுத்தும்.

அப்புறம் ஆடும் பல், கட்டுப்பல், இரவில் பெரிய குறட்டை, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது சிக்கல், வெற்றிலை பாக்குப் பழக்கம் என்று எது இருந்தாலும் சொல்லுங்கள். பாக்கு ஏன் என்று கேட்பார்கள். வருடக்கணக்கில் பாக்கு போட்டவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காமல் போவதுண்டு. மூச்சுக்குழாயில் டியூப் போட அது பெரிய தடை.

தஞ்சை மாறன், திங்கள் மாலை

எதற்கு உடனே கத்தி? எங்கள் ஊரில் வாழைத்தண்டுச் சாறு குடித்தே கல் கரைந்தவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் மலத்தில் வெளியேறுவதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

சேலம் மயக்கவியலாளர், திங்கள் இரவு

மாறன் ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. வாழைத்தண்டு பற்றிப் பேசுவது சிறுநீரகக் கல்லுக்கு. அது சிறுநீர்ப் பாதையில் இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடித்தால் சிறிய கல் தானாக இறங்கும். பித்தப்பை ஈரலுக்குக் கீழே தொங்கும் பை. குடிக்கும் சாறு அதற்குள் போக வழியே இல்லை. மலத்தில் வரும் பச்சை உருண்டைகள், குடித்த எண்ணெய் குடலில் செரிமான நீரோடு சேர்ந்து திரளும் சோப்பு போன்ற கட்டிகள். அதன் பிறகு ஸ்கேன் எடுத்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். எண்ணெய் குடித்ததில் பித்தப்பை இறுகிச் சுருங்கி ஒரு சிறு கல் குழாய்க்குள் நழுவினால் அதுதான் ஆபத்து.

அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை உண்டு. சிறிய கொழுப்புக் கல்லுக்கு, பை ஒழுங்காகச் சுருங்கி விரியும் நிலையில், பல மாதம் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் மறுபடி வருவது சகஜம். 14 மி.மீ. கல்லோடு வலியும் இருப்பவருக்கு அது வழி இல்லை. அதே சமயம், ஒரு வலியும் இல்லாமல் வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. ஆகவே "எதற்கு உடனே கத்தி" என்ற கேள்வியை சர்ஜனிடம் கட்டாயம் கேளுங்கள். அது மிக நியாயமான கேள்வி.

நெல்லை குமரன், செவ்வாய் காலை

எனக்கும் இதே ஆபரேஷன் ஆனது. "கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடலாமே" என்று முதலில் கேட்டேன். சர்ஜன் பொறுமையாகச் சொன்னார்: கல்லை உருவாக்குவதே அந்தப் பைதான், விட்டுவைத்தால் திரும்ப வரும். பித்தநீரைச் சுரப்பது ஈரல், பை அதைச் சேமித்து வைக்கிறது, அவ்வளவுதான். பை போன பிறகு பித்தநீர் நேராகக் குடலுக்கு இறங்கும். எனக்குச் சில வாரம் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றுக்குள் ஏற்றிய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி வருமாம். முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

மலர் கேட்டதற்கு என் மூன்று கேள்விகள். ஒன்று, இந்த வலி கல்லால்தான் என்று எப்படி உறுதி? அல்சர், இதயம் எல்லாம் விலக்கியாயிற்றா? இரண்டு, பித்தக்குழாயிலும் கல் இருக்க வாய்ப்பு உண்டா? மூன்றாவதுதான் முக்கியம்: உள்ளே போய்ப் பார்த்து, அழற்சி அதிகமாகி எல்லாம் ஒட்டிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல சர்ஜன் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். பித்தப்பையை எடுக்கும்போது பொதுப் பித்தக்குழாயில் காயம் படுவது அரிது, ஆனால் பட்டால் வாழ்க்கையையே புரட்டிப் போடும். "தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஓபனுக்கு, அதாவது வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு மாறுவேன், அல்லது பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வருவேன்" என்று சொன்னவரிடம் நான் நிம்மதியாகப் படுத்தேன். ஓபனுக்கு மாறுவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், பல நேரம் அதுதான் பாதுகாப்பான முடிவு.

எடுத்த பையை பயாப்ஸிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு மேசை (கோவை), செவ்வாய் மாலை

ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பணம் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் சர்ஜன் அறையில் கேட்பதைவிட வெளியே பில்லிங்கில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். "பேக்கேஜ்" என்றால் அதில் மயக்க மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனைகள், பயாப்ஸி எல்லாம் அடங்குமா, ஓபனாக மாறினால் எவ்வளவு கூடும், ஐ.சி.யூ.வில் ஒரு நாள் வைத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டென்ட் உள்ளவருக்கு ஐ.சி.யூ. கேள்வி கற்பனை இல்லை.

தனியார் பாலிசிகள் பலவற்றில் பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், இரண்டு ஆண்டு என்பது பரவலாகக் காணப்படுவது. அறை வாடகைக்கு வரம்பு இருந்தால், அதைவிடப் பெரிய அறை எடுக்கும்போது மற்றச் செலவுகள் பலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். பணம் கட்டாமல் சிகிச்சை பெறுவதற்கான முன்அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் உத்தரவிட்டது.

சர்ஜன் "எத்தனை நாளாக வலி" என்று கேட்கும்போது நம் ஆட்கள் "அது ரொம்ப வருஷமா இருக்குங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். அது அப்படியே சீட்டில் ஏறும். பிறகு பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது என்று கோரிக்கை நின்றுபோகும். பொய் சொல்லச் சொல்லவில்லை. இந்த வலி எந்த மாதம் தொடங்கியது என்பதை யோசித்து, உள்ளதை உள்ளபடி சரியாகச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனைத் திட்டத்தில் செய்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்துக்கான தனி மேசை இருக்கும். குடும்ப அட்டை, ஆதார் நகல் கையில் இருக்கட்டும்.

கொங்குமலர், செவ்வாய் இரவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? ஆண் சர்ஜன் என்பதால் அம்மா கூச்சப்படுகிறார், அதற்கு என்ன செய்வது?

வார்டு அக்கா, செவ்வாய் இரவு

மறுபடி ஸ்கேன் எடுப்பார்களா என்று போனில் கேட்டுவிடு. பித்தப்பை ஸ்கேனுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், சாப்பிட்டால் பை சுருங்கிவிடும். எடுக்க மாட்டார்கள் என்றால் அம்மா வழக்கம்போல சாப்பிட்டுவிட்டே வரட்டும். பட்டினி என்றால் காலை சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முந்தின நாளே கேள். மாத்திரை மட்டும் போட்டுவிட்டுப் பட்டினியாக வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழுந்தவர்களை ஓ.பி.யில் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறோம். பையில் இட்லியும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.

கூச்சத்துக்கு: பரிசோதிக்கும்போது பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது அம்மாவின் உரிமை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீயும் கூடவே நில். பருத்திப் புடவையும் முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் போதும். வயிற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார். விலா எலும்புக்குக் கீழே அழுத்தி மூச்சை இழுக்கச் சொல்வார், அப்போது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் வலிக்கிறது என்று சொல்லச் சொல்.

கொங்குமலர், வெள்ளி காலை

நேற்றுப் போய் வந்தோம். நான் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டேன், அம்மாதான் பேசினார். நடுராத்திரி வலி, முதுகுக்கு ஏறுவது எல்லாம் நான் இதுவரை கேட்டதே இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைக் கேட்டதும் சர்ஜன் தழும்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மாத்திரைப் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார், அம்மாவின் கூட்டு மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. ஈரல் ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி) கொஞ்சம் கூட, ஸ்கேனில் பொதுப் பித்தக்குழாய் 9 மி.மீ., வழக்கத்தைவிட அகலம். அதனால் குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். குழாயில் கல் இருந்தால் முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக அதை எடுத்துவிட்டு அப்புறம் பையை எடுப்பார்களாம். இதய மருத்துவரின் கடிதமும் வேண்டும் என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். வெளியே வந்ததும் உதவியாளர் ஒரு படிவத்தை நீட்டி, "கையெழுத்துப் போட்டால் செவ்வாய்க்கு இடம் பிடித்துவிடலாம்" என்றார். நான் வாங்கி வைத்திருக்கிறேன், போடவில்லை. சரிதானே?

சேலம் மயக்கவியலாளர், வெள்ளி மதியம்

மிகச் சரி. குழாயில் கல் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் எந்த ஆபரேஷனுக்கு ஒப்புதல் தருவது? என்ன செய்யப்போகிறார்கள், மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளங்கிய பிறகு கொடுப்பதுதான் ஒப்புதல். உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கண்டறியும் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும், அவர் தெளிவாக இருக்கும்போது உங்கள் கையெழுத்து அதற்கு ஈடாகாது. இடத்தை வாய்மொழியாகப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சர்ஜனின் கருத்து கேட்க விரும்பினால் ரிப்போர்ட் நகல்களைத் தயங்காமல் கேளுங்கள். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. ஆனால் பிலிருபின் ஏறியிருப்பதால் அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். எம்.ஆர்.சி.பி. இந்த வாரமே முடியட்டும். ஸ்டென்ட் பற்றிய கடிதத்தை ஸ்கேன் மையத்திலும் காட்டுங்கள். இதய ஸ்டென்ட்டோடு எம்.ஆர்.ஐ. எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானதுதான், ஆனாலும் அவர்கள் கேட்பார்கள்.

ஓசூர் வாசு, சனி காலை

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் அப்பாவுக்கு 70 வயது, குடலிறக்கத்துக்கு அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கிறோம். இதே தயாரிப்பு போதுமா?

வார்டு அக்கா, சனி மதியம்

மாத்திரைப் பை, பழைய தாள்கள், அப்பாவே பேசுவது எல்லாம் அப்படியே பொருந்தும் வாசு. கூடுதலாக மூன்று விஷயத்தை அப்பாவிடம் கேட்டு வை: நாள்பட்ட இருமல் இருக்கிறதா, சிறுநீர் முக்கிப் போகிறாரா, மலச்சிக்கல் உண்டா? இவை மூன்றும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். கவனிக்காமல் விட்டால் தைத்த இடம் மறுபடி பிதுங்கும். ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லவே மாட்டார்கள், நீதான் பக்குவமாகக் கேட்க வேண்டும். சர்ஜன் நிற்கவைத்து இருமச் சொல்லிப் பார்ப்பார், எளிதாக அவிழ்க்கும் வேட்டி கட்டிவிடு. பிதுங்கும் இடத்தை வலுப்படுத்த வலை வைப்பாரா, எந்த வகை மயக்கம் என்று கேள். அதற்குள் வீக்கம் உள்ளே போகாமல் கல் போல இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு, இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.